தோட்ட லயத்திலிருந்து கடைத்தெரு வரை: கேரித் தீவு, கிள்ளான் வட்டாரத் தமிழ்ப் பெண்களின் தொழில் வளர்ச்சிக்கான சூழல்கள்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் உடலுழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கே.எஸ். சாந்து 1969-லும் எஸ். அரசரத்தினம் 1970-லும் வெளியிட்ட நூல்கள் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் பல நமக்குக் கிடைக்கின்றன. குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், அரசியல் ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. பெண், பால்மரம் சீவும் தொழிலாளியாகவோ குடும்பத்தைத் தாங்கும் தாயாகவோ அவற்றுள் இடம்பெறுகிறாள். பொருளை ஆக்கி விற்பவளாகவும் சேமித்து முதலிடுபவளாகவும் அவளைக் காண்பது அரிதாகவே உள்ளது.

இக்குறையை ஓரளவு நிரப்பும் நோக்கில் ஒரு கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. பெண்கள் தொடங்கும் தொழில் வளர்வதற்கு எத்தகைய சூழல்கள் துணைநின்றன, எவை தடையாயின என்பதே அக்கேள்வி. இதனை ஆராயக் கேரித் தீவும் அதனை அடுத்துள்ள கிள்ளான், கோலாலம்பூர்ப் பகுதிகளும் களமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

இங்குச் சிறுவணிகம், வளர்தொழில் ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது தேவையாகின்றது. நடத்துபவள் ஒருநாள் நோயுற்றுப் படுத்தால் அன்றைய வருமானமும் நின்றுவிடுமாயின் அது சிறுவணிகம். பிறருக்கு வேலை தந்து, ஈட்டிய ஊதியத்தை மீண்டும் முதலாக்கி, நடத்துபவள் இல்லாத நாளிலும் இயங்குமாயின் அது வளர்தொழில். தமிழ்ப் பெண்களிடையே முதலாவது எக்காலத்தும் குறைவின்றி இருந்தது. இரண்டாவதுதான் அரிதாயிற்று. அதற்கான காரணத்தைப் பெண்களின் ஊக்கக் குறைவிலோ திறமைக் குறைவிலோ தேடுவது பொருந்தாது. தோட்டம் சில ஆதரவுகளைத் தந்து உடைமையை மறுத்தது. நகரம் உடைமைக்கு வழிதிறந்து அவ்வாதரவுகளைப் பறித்தது. இரண்டும் ஒருசேர வாய்க்காமையே வளர்ச்சியைத் தடுத்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கேரித் தீவும் தோட்ட அமைப்பும்

சிலாங்கூர் மாநிலத்தின் கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கிடப்பது கேரித் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குத் தோட்டம் உருவாக்கிய ஆங்கிலேயத் துரை எட்வர்ட் வேலண்டைன் கேரியின் பெயரால் இத்தீவு வழங்குகின்றது. தாழ்ந்த கரையோர நிலமாதலால், கடல்நீர் புகாதபடி கரைகட்டி வாய்க்கால் வெட்டிய பின்னரே பயிர் செய்ய முடிந்தது. இரப்பரும் தென்னையும் விளைந்த நிலம் பின்னர்ச் செம்பனைக்கு மாறியது. ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு நிறுவனத்தின் தொடர்பிலிருந்த தோட்டங்கள், கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியே, 2007-ஆம் ஆண்டு இணைப்பின்போது சைம் டார்பியின் கீழ் வந்தன. அந்நிறுவனத்தின் தோட்டப் பிரிவு 2024 முதல் எஸ்.டி. கத்ரி என்னும் பெயருடன் இயங்குகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்ட நிலையில், கேரித் தீவின் பெரும்பகுதி இன்றும் செம்பனைத் தோட்டமாகவே உள்ளது. தோட்டம், அதனை அடுத்த தெலுக் பங்ளிமா காராங், வடக்கே கிள்ளான், அதற்கும் அப்பால் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் எனத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கடந்து வந்த பாதையின் இரு முனைகளையும் ஒரே வட்டாரத்தில் வைத்துக் காண முடிவதால் இக்களம் ஆய்வுக்குரியதாகின்றது.

தோட்டத்தில் பெண் அடைந்த நிலையைக் கூலிக் கணக்கே தெளிவாக உணர்த்தும். தொடக்கக் காலத்தில் குடியேறியோருள் பெண்கள் மிகக் குறைவு. 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயா இந்தியருள் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 400 பேரளவிலேயே இருந்தனர். 1931-லும் அவ்வெண்ணிக்கை 500-ஐ எட்டவில்லை. 1920-களின் இறுதியில் கரையோரச் சிலாங்கூர் போன்ற முதன்மைப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930-இல், அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கூலி ஏறினும் இறங்கினும் பெண்ணின் பங்கு ஐந்தில் நான்காகவே நின்றது. ஆணுடன் சேர்ந்து ஒரு மாதத்தில் 25 நாள் உழைத்தவள், 50 காசுக் கணக்கில், அவனைவிட இரண்டரை வெள்ளி குறைவாகப் பெற்றாள். சேமிப்பு தொடங்க வேண்டிய இடத்திலேயே இவ்விழப்பு நேர்ந்தது.

எனினும் தோட்டம் வேறு சிலவற்றை அளித்ததையும் மறுத்தல் இயலாது. வீட்டுக்கு வாடகையில்லை. தாய்மார் வேலைக்குச் சென்ற நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேலுள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வகை செய்தது. இவற்றின் தரம் பல இடங்களில் தாழ்ந்திருந்தது என்பது உண்மையே. ஆயினும் குழந்தை பராமரிப்பு, உறைவிடம், மாதந்தோறும் வரும் கூலி ஆகிய மூன்றும் ஒரு பெண்ணுக்கு நேரத்தையும் உறுதியையும் தருவன. இன்று பெண் தொழில்முனைவோர்க்கு வேண்டுமென்று கூறப்படும் ஆதரவுகளுள் சில, குறைவுபட்ட வடிவில், லயத்தில் இருந்தன எனலாம்.

லயத்துச் சிறுவணிகம்

இவ்வாதரவின் துணைகொண்டு பெண்கள் கூலிக்கு அப்பால் சிறு வருவாய் தேடினர். மாடு வளர்த்துப் பால் விற்றல், லயத்தின் பின்புறம் காய்கறி பயிரிடல், இட்லி, தோசை, வடை, முறுக்கு ஆகியவற்றை விற்றல், தையல் பொறியில் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தல், பூக்கட்டுதல் ஆகியவை தோட்டங்களில் பரவலாக நடந்தவை. பிற்பகலில் வேலை முடிந்தபின் மாட்டைக் கவனிப்பதும் மறுநாளைக்கு மாவரைப்பதும் பெண்களின் அன்றாடக் கடமைகளுள் கலந்திருந்தமையால், இவற்றைத் தனித்தொழிலாக எவரும் கணக்கிடவில்லை.

இச்சிறுவணிகம் ஓர் எல்லைக்கு மேல் வளர முடியாமைக்குத் தோட்டத்தின் அமைப்பே காரணமாயிற்று. முதலாவதாக, மாடு நின்ற நிலமும் அடுப்பு எரிந்த வீடும் நிறுவனத்திற்கு உரியவை. வேலை முடிந்தால் வீடும் கைவிட்டுப் போகும். பிறர் நிலத்தில் கொட்டகை எழுப்பி முதலிடுவார் யார்? இரண்டாவதாக, தோட்டத்தின் சந்தை மூடுண்ட சந்தை. வாங்குவோர் அனைவரும் ஒரே நாளில் கூலி பெறுவோர். ஒரே அளவு வறியோர். சம்பள நாளில் பணம் புழங்கும். மாதக் கடைசியில் எல்லாம் கடனாகவே போகும். அப்பணத்திலும் ஒரு பங்கு கடைப்பற்றுக்கும், மற்றொரு பங்கு கள்ளுக்கடைக்கும் சென்றது. மூன்றாவதாக, வெளியார் தோட்டத்துள் வருவதும் தோட்டத்தார் வெளியே சென்று விற்பதும் நிருவாகத்தின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டிருந்தன.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் மீண்டும் நோக்குதல் பயனுடையது. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவை அடங்கும். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துள் வரலாம், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிறுத்தப்பட வேண்டும் ஆகியனவும் அவற்றுள் இருந்தன. மிதிவண்டிக் கோரிக்கையைத் தன்மானத்தின் குறியீடாக வரலாற்றாசிரியர் பலர் சுட்டுவர். தடையற்ற போக்குவரத்தும் கள்ளுக்கடை மூடலும், பெண்ணின் கையில் பணம் தங்குவதற்கும் அவள் பொருள் வெளியே செல்வதற்கும் உரிய பொருளாதாரக் கோரிக்கைகளாகவும் கொள்ளத்தக்கவை. எனினும் இந்தியர்க்கும் சீனர்க்கும் இணையான கூலி கேட்ட அப்பட்டியல், ஆணுக்கும் பெண்ணுக்கும் இணையான கூலி கேட்கவில்லை. அன்றைய போராட்டத்தின் எல்லை அதுவாக இருந்தது.

பெயரும் ஆவணமும்

தொழில் வளர்வதற்குரிய முதற்சூழல், உடைமையும் ஒப்பந்தமும் பெண்ணின் சொந்தப் பெயரில் அமைய இயலுதல் ஆகும். இவ்வகையில் 1957-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சட்டம் குறிப்பிடத்தக்கது. மணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கவும் விற்கவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும் உரியவள் என்பதை அது உறுதிசெய்தது. ஆனால் வாழ்க்கை ஒரே சட்டத்தால் மாறுவதில்லை. முஸ்லிம் அல்லாதார்க்கான 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் மனைவி இறந்தால் அவளது சொத்து முழுவதும் கணவனைச் சேரும். கணவன் இறந்தாலோ, பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். கணவனும் மனைவியுமாக வளர்த்த கடை கணவன் பெயரில் இருந்தால், அவன் மறைவுக்குப் பின் அக்கடை துண்டுபட வாய்ப்பிருந்தது. மனைவி பெயரில் இருந்தால் அது முழுமையாகக் கணவனிடம் சென்றது. 1997-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கி இருவருக்கும் ஒரே விதியை வகுத்தது.

வருமான வரியிலும் 1991-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதலே மனைவியின் வருமானம் இயல்பாகத் தனித்துக் கணக்கிடப்பட்டது. கூட்டரசு அரசமைப்பின் எட்டாம் விதியில் பாலின அடிப்படையிலான வேறுபாட்டைத் தடுக்கும் சொல் 2001-இல் சேர்க்கப்பட்டது. நிறுவனம் அமைப்பதிலும் இத்தகைய மாற்றம் காலந்தாழ்ந்தே வந்தது. 1965-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி தனியார் நிறுவனத்திற்குக் குறைந்தது இரு உறுப்பினரும் இரு இயக்குநரும் தேவை. தனியே தொழில் நடத்திய பெண், கணவனையோ உடன்பிறந்தானையோ பெயரளவிலேனும் சேர்க்க நேர்ந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமே ஒருவர் தனித்து நிறுவனம் அமைக்க வழிவகுத்தது.

சட்டத்தினும் அடிப்படையானது அடையாள ஆவணம். பிறப்புப் பதிவு செய்யப்படாத பிள்ளைகளும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத முதியோரும் தோட்டங்களில் இருந்தனர். குடியுரிமையற்றோர் வேலைசெய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்ற விதி 1969-க்குப் பின் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, பல்லாயிரம் தமிழர் இந்தியா திரும்பினர். எஞ்சியோருள் சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்தோர் பலர். இச்சிக்கல் நீண்ட காலம் தொடர்ந்ததால், 2011-இல் 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கம் நடத்தப்பட்டது. நீல அட்டை இல்லாத பெண்ணுக்கு வணிக உரிமமும் அரசுக் கடனும் எட்டாதவை. எத்துணைத் திறமை வாய்ந்தவளாயினும் அவளது வணிகம் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

சேமிப்பும் கடனும்

தோட்டத்துப் பெண்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட நிதி நிறுவனம் கூட்டு ஆகும். இருபது பெண்கள் மாதம் 100 ரிங்கிட் செலுத்தினால் மாதந்தோறும் 2,000 ரிங்கிட் ஒருத்தியின் கைக்கு வரும். ஏலத்தின் வழியாகவோ குலுக்கலின் வழியாகவோ முறை தீர்மானிக்கப்படும். ஈடு இல்லை, எழுத்து இல்லை, ஒருவரையொருவர் அறிந்த நம்பிக்கையே பிணை. இம்முறை நாட்டில் எத்துணைப் பரவியிருந்தது என்பதற்கு 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டமே சான்றாகும். நம் தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் தாங்கிய அச்சட்டம், கூட்டு நிதி நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைக் குற்றமாக்கியது. மோசடிகளைத் தடுக்க அது தேவைப்பட்டது எனலாம். ஆயினும் பெண்களின் இச்சேமிப்பு முறை, பதிவுபெற்ற அமைப்பாக உருமாறும் வழியும் திறக்கப்படவில்லை. பத்தாண்டுகள் தவறாமல் கூட்டுக் கட்டிய பெண்ணும் வங்கியின் பார்வையில் எவ்விதக் கடன் வரலாறும் இல்லாதவளாகவே நின்றாள்.

அடுத்த துணை நகை. பெண்ணுக்குத் தன்னுடையது என்று உறுதியாகச் சொல்லிக்கொள்ள இருந்த முதல் அதுவே. 1972-ஆம் ஆண்டு அடகுபிடிப்போர் சட்டத்தின்படி வட்டி மாதத்திற்கு 2 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. உரிமம் பெற்ற வட்டித்தொழிலாளரிடம் ஈடில்லாக் கடனுக்கான உச்ச வரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு. ஈடு வைத்தால் 12 விழுக்காடு. நிலமோ வீடோ உடையவர்க்கு 12, தாலிக்கொடியை மட்டும் உடையவளுக்கு 24 வரை என்னும் இக்கணக்கு, உடைமையின்மை எவ்வாறு கடனின் விலையை உயர்த்துகின்றது என்பதைக் காட்டுகின்றது. இவ்விரண்டும் கிட்டாதவர்கள் உரிமமற்ற 'ஆலோங்' கும்பலிடம் சிக்கினர்.

கூட்டு முயற்சியின் பெருவடிவமாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் குறிப்பிட வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்பட்ட அக்காலத்தில், மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர் செலுத்திய பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது அச்சங்கம். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் வெற்றி. சிறுசேமிப்பு பெருமுதலாக முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் அம்முதல் நிலத்தில் தங்கியது. உறுப்பினரான பெண்ணின் தனித்தொழிலுக்குக் கடனாக அது திரும்பி வரும் ஏற்பாடு அதன் மைய நோக்கமாக இருக்கவில்லை.

தோட்டத்தை விட்டு நகருக்கு

1971-ஆம் ஆண்டுத் தடையற்ற வணிக வலயச் சட்டத்திற்குப் பின் சுங்கைவே முதலிய இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. கேரித் தீவின் அண்டையிலுள்ள தெலுக் பங்ளிமா காராங்கிலும் இத்தகைய தொழில் வலயம் அமைந்தது. தோட்டத்து இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குச் சென்ற காலம் இது. தாயின் கூலி குடும்பக் கூலியாகக் கரைந்த நிலை மாறி, மகளின் ஊதியம் அவள் பெயரில் வந்தது. ஊழியர் சேமநிதியில் அவள் கணக்கும் வளர்ந்தது. பின்னாளில் கடை வைத்த பெண்கள் பலருக்குத் தொழிற்சாலையே முதற்பள்ளியாகவும் முதற்சேமிப்பாகவும் அமைந்தது எனக் கருத இடமுண்டு.

1980-களிலும் 1990-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் மேம்பாட்டாளர் கைக்கு மாறியபோது, குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. மாடு நிற்க இடமில்லை, காய்கறித் தோட்டம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை. வாடகை அல்லது வீட்டுக்கடன், பேருந்துச் செலவு, குழந்தை பார்ப்பவருக்குக் கூலி எனத் தோட்டத்தில் இல்லாத செலவுகள் சேர்ந்தன. மறுபுறம், வாங்குவோர் கூட்டம் பெருகியது. இரவுச் சந்தையும் கோயில் திருவிழாவும் தீபாவளிக் கடைகளும் கைக்கெட்டும் தொலைவில் வந்தன.

கிள்ளானின் தெங்கு கிளானா சாலையும் பிரிக்பீல்ட்ஸின் கடைத்தெருவும் இப்புதிய வாய்ப்பின் இரு முகங்கள். மாலை, புடவை, தையல், ஒப்பனை, பலகாரம், மணவிழாப் பொருள்கள் ஆகிய தொழில்களில் பெண்கள் இங்கு நிலைபெற்றனர். இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ், 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பின் நகரின் போக்குவரத்து மையத்தை ஒட்டிய பகுதியாயிற்று. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இதனை 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்து வைத்தனர். சந்தை விரிந்த இடத்தில் இட வாடகையும் உயரும் என்பது வணிக இயல்பு. சொந்தக் கடையோ நீண்டகாலக் குத்தகையோ இல்லாதவர்க்குத் தம் உழைப்பால் பெருகும் மதிப்பு வாடகையாகவே திரும்பிச் செல்லும். லயத்து மாட்டுக் கொட்டகையின் சிக்கல், வடிவம் மாறி, நகரத்திலும் தொடர்ந்தது.

சிறுகடனும் இரண்டாம் படியும்

வங்காளதேசத்துக் கிராமீன் முறையைப் பின்பற்றி, 1986-இல் வடமேற்குச் சிலாங்கூரில் 'இக்தியார்' திட்டம் சோதனையாகத் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது அமானா இக்தியார் மலேசியா என்னும் அமைப்பாயிற்று. ஈடின்றி, ஐவர் குழுவின் பொறுப்பில், வாரத் தவணையில் கடன் தரும் இம்முறை பெண்களை மையமாகக் கொண்டது. எனினும் தொடக்கத்தில் அது பெரும்பாலும் மலாய்க் கிராமக் குடும்பங்களையே சென்றடைந்தது. தோட்டம் கிராமமாகக் கருதப்படவில்லை. தனியார் நிலமாதலால் அரசின் ஊரக மேம்பாட்டுத் திட்டங்களுக்குப் புறம்பாகவே நின்றது. இதே அமைப்பு இந்தியப் பெண்களுக்கென 'பெண்' என்னும் பெயரில் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டுடன் தனித்திட்டம் அறிவித்தது 2024-இல்தான். இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது.

1998-இல் தோன்றிய தெக்குன், 2006-க்குப் பின் பேங்க் நெகாராவின் ஊக்குவிப்பால் வங்கிகள் வழங்கிய 50,000 ரிங்கிட் வரையிலான சிறுகடன், தொழிற்கருவிகளை வழங்கும் சிலாங்கூர் மாநில அரசின் ஐ-சீட் திட்டம் ஆகியவையும் இவ்வரிசையில் அடங்கும். இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் முதற்படியில் ஏறுவதற்கு உதவும் திட்டங்கள் பல இருக்க, இரண்டாம் படிக்கு உதவுவன மிகச் சில.

முறுக்குத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீட்டடுப்பில் முறுக்குச் சுட்டு அண்டை அயலார்க்கு விற்பதற்கு ஆயிரம் ரிங்கிட் போதும். அதனைப் பேரங்காடியில் வைக்க வேண்டுமாயின், 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி இடம் பதிவுபெற வேண்டும். உணவைக் கையாள்வோர் பயிற்சியும் தடுப்பூசியும் பெற வேண்டும். சுகாதார அமைச்சின் 'மெஸ்தி' சான்றிதழ் வேண்டும். மலாய் மக்களிடம் பரவலாக விற்க ஜாக்கிம் வழங்கும் ஹலால் சான்றிதழ் தேவை. அதற்கு வீட்டு அடுக்களையிலிருந்து பிரிந்த சமையற்கூடம் தேவை. பொட்டலமிடும் பொறி, சிப்பம், வாகனம், கணக்கர் எனச் செலவு தொடரும். இங்கு வேண்டுவது ஆயிரங்கள் அல்ல, பல்லாயிரங்கள். அதனினும் முதன்மையாக வேண்டுவது நிலையான இடம். தீபாவளியை ஒட்டியே பெரும்பகுதி விற்பனை நிகழும் தொழிலுக்கு, ஆண்டு முழுதும் வாரந்தோறும் கட்ட வேண்டிய தவணை பொருந்துவதில்லை. எனவே பல பெண்கள் ஆண்டுதோறும் அதே சிறுகடனைப் புதுப்பித்து அதே அளவிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட தொகையைக் கொண்டு திட்டத்தின் வெற்றி அளக்கப்படுகின்றது. அவர்களால் வேலை பெற்றோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கப்படுவதில்லை.

அதே தீவில் மற்றொரு பெண்கள் குழு

கேரித் தீவின் பூர்வகுடியினரான மாமேரி மக்களின் பெண்கள் இவ்வகையில் ஓர் ஒப்பீட்டை நமக்கு அளிக்கின்றனர். மாமேரி ஆண்களின் மரச்சிற்பம் பெரிதும் அறியப்பட்டது. பெண்களின் தாழை ஓலைப் பின்னல் வீட்டுத் தேவைக்கும் சடங்குக்கும் உரியதாகவே இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுங்கை பும்புன் கிராமப் பெண்கள் 'தொம்போக் தொப்போ' என்னும் பெயரில் ஒன்றிணைந்து பின்னற்பொருள்களை விற்பனைக்கு ஆக்கத் தொடங்கினர். பூர்வகுடிக் கைவினைகளைக் கோலாலம்பூர்ப் பகுதிக் கண்காட்சிகளில் விற்கும் 'கெராய் ஓ.ஏ.' என்னும் தன்னார்வ அமைப்பு, விற்பனைத் தொகை முழுவதையும் ஆக்கியவர்க்கே சேர்ப்பித்தது.

கல்வியிலும் பொருளிலும் தமிழ்ப் பெண்களைவிட இவர்கள் மேம்பட்டவரல்லர். ஆயினும் அவர்களுக்கு மூன்று வாய்த்தன. மூலப்பொருள் தம் ஊரிலேயே வளர்ந்தது. குழுவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தம் ஊருக்கு வெளியே வாங்குவோரைச் சென்றடையும் வழி, இடைத்தரகர் இன்றிக் கிடைத்தது. இதே தீவின் தோட்டத்துப் பெண்களுக்கு இம்மூன்றும் ஒருங்கே அமையவில்லை. கூட்டுச் சேமிப்புப் பழக்கம் நம் பெண்களிடம் நன்கு வேரூன்றியிருந்தும் கூட்டு உற்பத்தியாக அது மாறாமற் போனமை சிந்திக்கத்தக்கது.

பிற நாட்டு அனுபவம்

அத்தகைய மாற்றம் இயலக்கூடியதே என்பதற்கு இந்திய வரலாறு சான்று பகர்கின்றது. 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனுடன் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழில், பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே உருட்டித் தரும் முறையைக் கைவிடாமல் நாடெங்கும் பரவியது. மாவு பிசைதலும் தரம் காத்தலும் விற்பனையும் பொதுவில் நடந்தன. 1974-இல் அகமதாபாத்தில் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் செலுத்தி அமைத்த சேவா வங்கி, எழுத்தறியாப் பெண்ணின் சேமிப்பையும் ஆவணமாக்கியது. சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் பேரவை, நடைபாதை வணிகப் பெண்களுக்கெனத் தனிக் கூட்டுறவுக் கடனை உருவாக்கியது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக்குழுத் திட்டம், குழுவின் சேமிப்புப் பதிவேட்டையே வங்கிக் கடனுக்கு அடிப்படையாக்கியது. நம் கூட்டு முறைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அப்பதிவேடு ஒன்றே எனலாம்.

செல்வ நாடுகளிலும் நிலைமை எளிதாக இருந்ததில்லை. அமெரிக்காவில் பெண் வணிகக் கடன் பெற ஆண் உறவினர் ஒப்பமிட வேண்டும் என்னும் வழக்கத்தை 1988-ஆம் ஆண்டுச் சட்டமே முற்றாக நீக்கியது. எனவே சட்டம், நிதி, சந்தை ஆகியவை பெண்ணுக்கு இடமளிக்கும் வேகமே தொழில் வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கின்றது என்பது பொது உண்மையாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பெண்ணின் சிறுவணிகம் வளர்தொழிலாவதற்கு ஐந்து சூழல்கள் இன்றியமையாதன எனத் துணியலாம். சொந்தப் பெயரில் ஆவணமும் உடைமையும்; பெயர்க்கப்படாத தொழிலிடம்; பதிவுபெற்ற சேமிப்பும் தொழிலின் பருவத்திற்கேற்ற கடனும்; சொந்த இனத்திற்கு அப்பாலும் விரியும் சந்தை; குழந்தை பராமரிப்பால் கிட்டும் நேரம் ஆகியனவே அவை. தோட்டம் ஐந்தாவதை அளித்து முதல் நான்கையும் மறுத்தது. நகரம் முதலாவதையும் நான்காவதையும் எட்டச்செய்து ஐந்தாவதைப் பறித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இவ்விரு காலத்தும் முழுமையாகக் கிட்டவில்லை.

இம்முடிவு நடைமுறைக்கும் பொருந்துவது. இந்தியப் பெண்களுக்குக் கடன் ஒதுக்கப்படும் இந்நாளில், கடைத்தொகுதிகளிலும் மலிவு விலைக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்களிலும் பொதுச் சமையற்கூடங்களை நகராண்மைக் கழகங்கள் அமைத்தால், ஒரே கூடத்தின் சான்றிதழ் பல பெண்களுக்குப் பயன்படும். கூட்டுக் கட்டும் பெண்களைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவுசெய்ய வழிகாட்டினால் அவர்களின் நாணயம் ஆவணமாகும். குழந்தைகள் காப்பகத்தைத் தொழில் உதவித் திட்டத்தின் ஒரு கூறாகக் கொள்ளுதலும் வேண்டும். நூறாண்டுக்கு முன் தோட்ட நிருவாகமே அதன் தேவையை உணர்ந்திருந்தது.

ஆய்வாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. லயத்தில் மாடு வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களுள் பலர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் வைத்திருந்த கணக்கு நினைவில் மட்டுமே உள்ளது. பால் எத்தனை புட்டி, கடன் யாருக்கு எவ்வளவு, கூட்டுப் பணத்தில் வாங்கியது தையல் பொறியா வீட்டு மனையா ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் வேண்டும். மாணவர்க்கு அளிக்கும் இடுபணிகளுள் இதனையும் ஒன்றாக்கினால், பொருளாதார வரலாற்றில் இதுவரை வராத பக்கங்கள் சில நமக்குக் கிடைக்கும். காலம் தாழ்த்தின் அக்கணக்குகள் அவர்களோடு மறைந்துவிடும்.